பெட்டகத்துல கிடைச்ச பழைய தந்தியைப் படிக்கிறது எப்படி: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான்னு இந்தப் பக்கம் எந்த வளவு வீட்டுல பெட்டகத்தைத் திறந்தாலும் பேரேடு, உண்டியல் (இன்னாருக்குப் பணம் கொடுன்னு எழுதுற சீட்டு), சம்பளச்சீட்டுன்னு கட்டுக்கட்டா வரும், அதுக்கு நடுவுல துருப்பிடிச்ச குண்டூசில கோத்த சின்னச் சின்னத் தாளும் வரும். மேல ஏதோ நம்பரு, ஊர்ப் பேரு, நேரம். கீழ ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத நாலஞ்சு இங்கிலீஷ் வார்த்தை, இல்லன்னா வார்த்தைன்னே சொல்ல முடியாத எழுத்துக் குவியல். அதான் தந்தி. ரங்கூன்லேர்ந்தோ பினாங்குலேர்ந்தோ கொழும்புலேர்ந்தோ வந்ததா இருக்கும். வீட்டுல கேட்டா "ஐயா காலத்துல ஏதோ ரகசியமா எழுதிக்குவாக"ம்பாங்க. அந்த ரகசியத்தை நம்பி ஆரம்பிச்சீங்கன்னா தப்பான பக்கம் போயிருவீங்க, ஏன்னா பெரும்பாலும் அது ரகசியத்துக்காக எழுதினதே இல்ல, காசு மிச்சம் பண்றதுக்காக எழுதினது. இதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டீங்கன்னா கீழ சொல்ற ஒவ்வொண்ணும் ஏன் அப்படி இருக்குன்னு உங்களுக்கே பிடிபடும்.

மொதல்ல அந்தக் காசுக் கணக்கு

தந்திக்குக் கட்டணம் வார்த்தைக்கு இவ்வளவுன்னு. வெளிநாட்டுத் தந்தின்னா சேதி மட்டும் இல்ல, யாருக்குப் போகுதோ அவுக விலாசம், அடில போடுற பேரு எல்லாமே எண்ணிக்கைல சேரும். நம்ம நாட்டுல 1855-ல பொதுஜனங்களுக்குத் தந்தியைத் திறந்து விட்டாங்க, 1870-ல பம்பாய்க்கும் லண்டனுக்கும் கடலடிக் கேபிள் வழியா தொடர்பு வந்துச்சு, அதை ஒட்டியே 1870-71-ல மெட்ராஸ்லேர்ந்து பினாங்கு போய் அங்கேர்ந்து சிங்கப்பூர் வரைக்கும் கேபிள் போட்டாங்க. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பண்ணப் போன நகரத்தார் ஆளுகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு கடுதாசி கப்பல் ஏறிப் போய்ப் பதில் வர்றதுக்குள்ள அங்க நெல்லு விலையும் மாறிரும் வட்டியும் மாறிரும், தந்தின்னா அன்னைக்கே இல்லன்னா மறுநாளே சேதி. 1929-30-ல பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு எடுத்த கணக்குல பர்மாவுல மட்டும் 1,600-க்கு மேல செட்டியார் கடைங்க இருந்துச்சு, ரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கிகள்ல (கடையும் தங்குற இடமும் சேர்ந்த கட்டடம்) இருந்த மேலாளுங்க, அதாவது கடையை நடத்துற ஏஜென்ட்டுங்க, மாசாமாசம் கோயில்ல கூடி நடப்பு வட்டி என்னன்னு முடிவு பண்ணுவாங்க, அந்த ஒரு எண்ணு ஊருக்கு வந்து சேரணும். ஆனா ஆத்துல போட்டாலும் அளந்து போடுற ஊரு இது, பத்து வார்த்தைல சொல்றதை ஒரு வார்த்தைல சொல்ல முடியும்னா யாரு பத்துக்குக் காசு கொடுப்பா?

அங்கதான் கோட் புக் வருது. பெரிய அகராதி சைஸ் புத்தகம், ஒரு பக்கம் வரிசையா கோட் வார்த்தை, எதிர்ல முழு வாக்கியம். "உங்க தந்தி கிடைச்சுது, சரக்கு அடுத்த கப்பல்ல அனுப்புறோம்"னு ஒரு வாக்கியத்துக்கு ஒரே ஒரு வார்த்தை. அனுப்புறவர்கிட்டயும் அதே புக்கு, வாங்குறவர்கிட்டயும் அதே புக்கு, அவ்வளவுதான் வித்தை. இதுல ரொம்பப் பேரு வாங்கினது ஏ.பி.சி. கோட், வில்லியம் கிளாசன்-தியூன்னு ஒருத்தர் 1873-ல போட்டது, 1901-ல அஞ்சாம் பதிப்பு, 1920-ல ஆறாம் பதிப்பு. இதெல்லாம் கடைல வித்த புத்தகம், யாரு வேணா வாங்கலாம். நன்னூல்ல குழூஉக்குறின்னு படிச்சிருப்பீங்க, பொற்கொல்லர் பொன்னைப் 'பறி'ம்பாங்கன்னு உரைல உதாரணம் வரும், அது வெளியாளுக்குப் புரியக்கூடாதுன்னு வச்சது. ஏ.பி.சி. கோட் அப்படி இல்ல, தந்தி ஆபீஸ் குமாஸ்தாவே ஆசைப்பட்டா புக்கைப் புரட்டிப் படிச்சுக்கலாம்.

நிஜமாவே மறைக்கணும்னு நினைச்சவங்களுக்கு வேற வழி இருந்துச்சு. 1870-ல ராபர்ட் ஸ்லேட்டர் போட்ட புக்குல வாக்கியமே கிடையாது, வெறும் வார்த்தைங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரிசை எண். ரெண்டு பேரும் முன்னாடியே "நூறு கூட்டிக்குவோம்"னு பேசி வச்சுக்கிட்டா, நீங்க சொல்ல நினைக்கிற வார்த்தை 4512-ல இருந்தா 4612-ல இருக்குற வார்த்தையை அனுப்புவீங்க, அந்தப் பக்கம் நூறைக் கழிச்சுப் படிச்சுக்குவாங்க. இந்த மாதிரி ஒரு திருகு உங்க தந்தில இருந்தா பொதுவா வீட்டுக் காயிதத்துலயே எங்கயாவது அந்த எண்ணு கிடக்கும், இல்லன்னா கஷ்டம்தான்.

படி 1: தாள்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி

கட்டைப் பிரிக்காதீங்க. எந்தத் தந்தி எந்தக் கடுதாசியோட, எந்த உண்டியலோட சேர்ந்து இருந்துச்சுங்கிறதே பாதி விடை, அதைக் கலைச்சுட்டு அழகா அடுக்கி வச்சா அப்புறம் கடவுளே வந்தாலும் சேர்க்க முடியாது. மொதல்ல இருக்குற நிலைமைலயே போன்ல போட்டோ, அப்புறம் ஒவ்வொரு தாளையும் முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும். பின்பக்கத்தை விடவே விடாதீங்க, வாங்கின மேலாளோ, அவருக்கு அடுத்த நிலைல இருக்குற அடுத்தாளோ பென்சில்ல அர்த்தத்தை எழுதி வச்சிருக்குறது அங்கதான், சில சமயம் வரிக்கு வரி நடுவுலயே எழுதியிருப்பாங்க. ராமபாணப்பூச்சி அரிச்ச தாளா இருந்தா விரல்ல தூக்காம அடில ஒரு அட்டையை விட்டுத் தூக்குங்க. துருப்பிடிச்ச ஊசியை இழுக்காதீங்க. லேமினேஷன் பண்ணித் தொலைக்காதீங்க, நல்லது பண்றோம்னு நினைச்சுத் தாளைக் கொல்ற வேலை அது.

இன்னொண்ணு, வளவு வீடுன்னா ஒருத்தருக்கு மட்டும் சொந்தம் இல்ல. பங்காளிங்க எல்லார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டு ஆரம்பிங்க, யார் யாருக்கு எவ்வளவு கடன்ங்கிறது எல்லாம் உள்ள இருக்கும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைல இருந்து வாங்கின தாளா இருந்தா அது எந்த ஊர், எந்த வீட்டுலேர்ந்து வந்துச்சுன்னு கடைக்காரரைக் கேட்டு அப்பவே குறிச்சுக்கங்க, சொன்னா லாபம்.

படி 2: மேல் வரியைப் படிங்க, சேதியை இல்ல

எல்லாரும் நேரா சேதிக்குப் போயிருவாங்க. மேல் வரிலதான் எல்லாம் இருக்கு: எந்த ஆபீஸ்ல கொடுத்தாங்க, தேதி, நேரம், எத்தனை வார்த்தை. அந்த வார்த்தை எண்ணிக்கை தங்கம். நீங்க எண்ணிப் பார்த்து அது ஒத்து வரலைன்னா ஒண்ணு வார்த்தை விட்டுப்போயிருக்கு, இல்ல ரெண்டு வார்த்தை ஒட்டிப்போயிருக்கு, இல்ல எண்ணுற விதி வேற. எண்களைச் சேர்த்து எழுதினா அஞ்சு இலக்கத்துக்கு ஒரு வார்த்தைன்னு கணக்கு, கோட் வார்த்தைக்கு ஒரு காலத்துல பத்து எழுத்து வரைக்கும் ஒரு வார்த்தை.

எண்ணிக்கைக்குப் பக்கத்துலயோ விலாசத்துக்கு முன்னாடியோ ஓரெழுத்து ஈரெழுத்துக் குறி இருக்கும். 'டி'ன்னா அவசரம். 'ஆர்.பி.'ன்னா பதில் தந்திக்கும் சேர்த்தே காசு கட்டியாச்சுன்னு அர்த்தம், அப்ப அதுக்கு ஒரு பதில் போயிருக்கணும், அதோட நகல் கட்டுல இருக்கான்னு தேடுங்க. 'எல்.சி.'ன்னா சும்மா பேச்சு மொழில எழுதின, லேட்டாப் போனாலும் பரவாயில்லங்கிற சலுகைக் கட்டணத் தந்தி, அதுல கோட் இருக்காது, வீணா மண்டையை உடைக்காதீங்க. 'சி.டி.ஈ.'ன்னு இருந்தா கட்டாயம் கோட்.

விலாசம் ஒரே ஒரு வார்த்தையா இருந்தா திகைக்க வேணாம். விலாசத்துக்கும் காசுங்கிறதால கடைக்காரங்க வருஷக் கட்டணம் கட்டித் 'தந்தி விலாசம்'னு ஒரு ஒத்தைச் சொல்லைப் பதிஞ்சு வச்சுக்குவாங்க, அந்தச் சொல்லோட ஊர்ப் பேரு போட்டாப் போதும், தந்தி சேவகன் நேரா அந்தக் கிட்டங்கிக்கு வந்துருவான். கடையோட லெட்டர்ஹெட்டுல அது அச்சடிச்சிருக்கும், அதனால எந்தத் தந்தி எந்தக் கடைக்கு வந்ததுன்னு பிடிக்க லெட்டர்ஹெட்டைப் பாருங்க.

படி 3: எந்த ரகம், எந்தக் காலம்

இப்ப சேதிக்கு வரலாம். சாதாரண இங்கிலீஷா, இல்ல தமிழையே இங்கிலீஷ் எழுத்துல எழுதினதா, கோட் புக் வார்த்தையா, வெறும் எண்ணா? தமிழ்னு சந்தேகம் வந்தா சத்தமாப் படிச்சுப் பாருங்க, கண்ணுக்குத் தெரியாதது காதுக்குத் தெரியும்.

கோட் வார்த்தைன்னா அதோட உருவத்தை வச்சே காலத்தை ஓரளவு சொல்லிரலாம், அதுவும் காசு விதியால வந்ததுதான். தந்திக்குப் பொது விதி போடுற சர்வதேசச் சங்கம் 1865-ல பாரிஸ்ல ஆரம்பிச்சுது. கோட் வார்த்தைன்னா அது ஏதாவது ஒரு மொழில நிஜமாவே இருக்குற சொல்லா இருக்கணும்னு அவங்க கட்டாயம் பண்ணிட்டாங்க, இங்கிலீஷ், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், லத்தீன் உட்பட எட்டு மொழி. அதனாலதான் பழைய கோட் புக்கு எல்லாம் யாருக்கும் தெரியாத லத்தீன் சொல்லா நிரம்பி வழியும். அப்புறம் 1903 லண்டன் மாநாட்டுல மனசு இறங்கி, பத்து எழுத்துக்குள்ள இருந்து வாய்விட்டுச் சொல்ல முடிஞ்சா எந்தப் பொய்ச் சொல்லும் ஓகேன்னுட்டாங்க, 1904-லேர்ந்து அமல். உடனே மூளைக்காரங்க என்ன பண்ணினாங்கன்னா, அஞ்சஞ்சு எழுத்துல கோட் வார்த்தை செஞ்சு ரெண்டை ஒட்டிப் பத்து எழுத்தாக்கி ஒரு வார்த்தைக் காசுல ரெண்டு வாக்கியம் அனுப்ப ஆரம்பிச்சாங்க. 1906-ல வந்த பென்ட்லி கோட் இந்த ஒட்டுவேலைக்குப் பேர் போனது. பார்த்தாங்க சங்கத்துக்காரங்க, 1930கள்ல அஞ்சு எழுத்துதான் ஒரு வார்த்தை, ஆனா கட்டணம் கம்மின்னு மாத்தி அந்த ஆட்டத்தை முடிச்சு வச்சாங்க.

ஆக, நிஜச் சொல்லா இருந்தா பழைய பாணிப் புக்கு, பத்தெழுத்து உளறலா இருந்தா 1904-க்கும் 1930களுக்கும் நடுவுல, அஞ்செழுத்து அஞ்செழுத்தா தனித்தனியா நின்னா அதுக்கும் பின்னாடி. இதை மட்டும் வச்சு முடிவு கட்டிறாதீங்க, பழைய பதிப்பையே பல வருஷம் வச்சு ஓட்டினவங்க உண்டு, புதுப் புக்கு வாங்கவும் காசுதானே.

சிங்கப்பூர் பினாங்குக் கட்டுல நாலு நாலு இலக்கமா எண்ணு மட்டும் இருந்தா ஒரு தடவை சீனத் தந்திக் கோடையும் நினைச்சுப் பாருங்க. சீன எழுத்துக்கு அகரவரிசை கிடையாதுங்கிறதால ஒவ்வொரு எழுத்துக்கும் நாலிலக்க எண்ணு கொடுத்து 1870கள்லயே புக்குப் போட்டாங்க. அங்க சீன வியாபாரிங்க நம்மாளுகளுக்கு அக்கம்பக்கம், வரவு செலவும் உண்டு, அவங்க தாள் ஒண்ணு நம்ம கட்டுல கலந்திருந்தா ஆச்சரியம் இல்ல.

படி 4: புக்கைத் தேடுறது

வீட்டுலயே புக்கு இருந்தா உங்க அதிர்ஷ்டம். இல்லன்னா கடையோட லெட்டர்ஹெட், பில்லுத் தலைப்பு, பேங்குக் கடுதாசி இதுகள்ல "இந்தக் கோட் உபயோகிக்கிறோம்"னு ஓரத்துல சின்ன எழுத்துல அச்சடிச்சிருக்கான்னு பாருங்க, ஏ.பி.சி. அஞ்சாம் பதிப்பு, பென்ட்லி, லீபர்னு பேரு இருக்கும். பதிப்பு ரொம்ப முக்கியம், அஞ்சாம் பதிப்புல ஒரு அர்த்தம், ஆறாம் பதிப்புல அந்தச் சொல்லே இருக்காது. இந்தப் புக்கு நிறைய இன்டர்நெட் ஆர்கைவ்லயும் கூகுள் புக்ஸ்லயும் ஸ்கேன் பண்ணி இலவசமாக் கிடக்கு, கோட் பேரோட பதிப்பையும் சேர்த்துத் தேடுங்க. ஸ்கேன்ல எழுத்துத் தேடல் சொதப்பும், கோட் வார்த்தை அகர வரிசைல இருக்கும்ல, கையால பக்கத்தைத் தள்ளிப் போறதுதான் வேகம்.

பத்தெழுத்துச் சொல்லை நடுவுல ரெண்டா வெட்டி அஞ்சு அஞ்சாத் தேடுங்க. புதுசா வர்றவங்க மொத்தமாத் தேடிட்டு இல்லன்னு விட்டுர்றாங்க.

எந்தப் புக்குலயும் சிக்கலைன்னா அது கடையோட சொந்தக் கோடா இருக்கலாம், ஒரு நோட்டுல நூறு இருநூறு வாக்கியம் எழுதி ஊருக்கு ஒரு பிரதி, ரங்கூனுக்கு ஒரு பிரதின்னு வச்சுக்குறது. பேரேட்டுக் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்க. யுத்த காலத்துத் தந்தின்னா சொந்தக் கோடுக்கு வாய்ப்புக் கம்மி, சென்சார் கெடுபிடில தனியார் கோடை விடமாட்டாங்க.

படி 5: சொல்லு புக்குல இல்லையா? தந்தி அடிச்சவர் கையைச் சந்தேகப்படுங்க

எனக்கு இதுலயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், கொஞ்சம் நின்னு போவோம்.

கையால எழுதின தாளா இருந்தா அது மோர்ஸ்ல வந்தது, குமாஸ்தா காதால கேட்டு எழுதினது. மோர்ஸ்ங்கிறது சின்னத் தட்டு, நீளத் தட்டு, டிட், டா, அவ்வளவுதான். டாங்கிறது மூணு டிட் நீளம், எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவுல மூணு டிட் இடைவெளி, வார்த்தைக்கு நடுவுல ஏழு. குளிர்ல பல்லு தந்தி அடிக்குதுன்னு சொல்றோம்ல, அந்தச் சத்தத்துல வாரி வாரி எழுத்து வருது, ஒரு டிட் காதுல விழலைன்னா எழுத்தே மாறிரும். ஐக்கு ரெண்டு டிட், எஸ்ஸுக்கு மூணு, எச்சுக்கு நாலு. 'ஏ'ங்கிற எழுத்துக்கு டிட் டா, 'யு'வுக்கு டிட் டிட் டா, 'வி'க்கு டிட் டிட் டிட் டா. ஆர்ன்னா டிட் டா டிட், அதோட பின்னாடி ஒரு டிட் சேர்ந்தா எல். எம்முக்கு ரெண்டு டா, ஓவுக்கு மூணு டா. அதனால சொல்லு கிடைக்கலைன்னா ஐயை எஸ்ஸாக்கி, ஏயை யுவாக்கி, ஆரை எல்லாக்கித் தேடுங்க, பெரும்பாலும் சிக்கிரும்.

இந்த ஒத்த டிட் எவ்வளவு செலவு வைக்கும்கிறதுக்கு அமெரிக்காவுல ஒரு கேஸே இருக்கு. பிலடெல்பியாவுல ப்ரிம்ரோஸ்னு ஒரு கம்பளி வியாபாரி, 1887-ல கான்சாஸ் பக்கம் இருந்த ஏஜென்ட்டுக்குக் கோட்ல தந்தி அனுப்புறார். அதுல பி, ஏ, ஒய்னு ஒரு சொல்லு, 'நான் வாங்கிட்டேன்'னு அர்த்தம். போய்ச் சேர்றப்போ நடுவுல இருந்த ஏ யுவாகி பி, யு, ஒய்னு ஆயிருச்சு, அதாவது 'வாங்கு'. ஏஜென்ட் பாவம், சொன்னதைச் செஞ்சார், கம்பளியை வாங்கிக் குவிச்சுட்டார், நஷ்டம் 20,000 டாலருக்கு மேல. வெஸ்டர்ன் யூனியன் மேல கேஸ் போட்டு அது உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1894-ல தீர்ப்பு, திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கத் தனிக் காசு கட்டலையே நீன்னு சொல்லித் தந்திக்குக் கட்டின 1 டாலர் 15 சென்ட்டு மட்டும்தான் கிடைக்கும்னுட்டாங்க.

இதுக்குப் பின்னாடி வந்த கோட் புக்கு செஞ்சவங்க உஷாராயிட்டாங்க. எந்த ரெண்டு கோட் வார்த்தையை எடுத்தாலும் குறைஞ்சது ரெண்டு எழுத்தாவது வித்தியாசம் இருக்கணும்னு விதி வச்சுக்கிட்டாங்க. நம்ம பாஷைல சொன்னா 'வடை'க்கு ஒரு அர்த்தம் வச்சா 'தடை', 'நடை', 'குடை' எதுக்கும் அர்த்தம் வைக்கக்கூடாது, அப்பத்தான் 'வடை' கெட்டு 'தடை'ன்னு வந்தா புக்குல அது இல்ல, ஓ தப்பு வந்துருக்குன்னு உடனே தெரியும். 1923-ல வந்த ஆக்மி கோட்ல ஒரு லட்சம் அஞ்செழுத்து வார்த்தைங்க, எல்லாமே இந்த விதிப்படி. இன்னைக்கு நம்ம போன் பண்ற பிழை கண்டுபிடிக்கிற வேலை எல்லாம் அப்பவே புத்தகத்துல பண்ணியிருக்காங்க, எனக்கு இது சாதாரண விஷயமாத் தெரியல.

தாள்ல எழுத்து அச்சா இருந்து, துண்டு துண்டா ரிப்பன் மாதிரி ஒட்டியிருந்தா அது டெலிபிரிண்டர், மோர்ஸ் இல்ல, தப்பும் வேற மாதிரி வரும். அதுல ஒரே சங்கேதத்துக்கு எழுத்தும் உண்டு எண்ணும் உண்டு, நடுவுல 'இனிமே எண்ணு'ங்கிற மாத்துக்குறி விட்டுப்போச்சுன்னா எண்ணுக்குப் பதிலா எழுத்து அச்சாயிரும். கம்ப்யூட்டர் கீபோர்டு மேல் வரிசையைப் பாருங்க, க்யூன்னா 1, டபிள்யூன்னா 2, ஈன்னா 3ன்னு போய்ப் பீன்னா 0. அப்ப க்யூ-பீ-பீன்னு ஒரு அபத்தம் வந்தா அது 100.

படி 6: பணம் வர்ற இடம்

தொகையை அப்படியே எண்ணுல அனுப்ப யோசிப்பாங்க, ஒரு இலக்கம் மாறினா குடி முழுகிரும். அதனால எழுத்தால எழுதுறது, இல்ல தொகைக்குன்னு கோட் புக்குல இருக்குற தனி அட்டவணைல இருந்து எடுக்குறது. இன்னொரு பழைய கடைத்தெரு முறை, ஒரே எழுத்து ரெண்டாவது தடவை வராத பத்தெழுத்துச் சொல்லை எடுத்து 1-லேர்ந்து 0 வரைக்கும் வரிசையா வச்சுக்குறது. தந்திக்கு இங்கிலீஷ் சொல்லு வேணும், ஆனா புரிஞ்சுக்க நான் தமிழ்லயே ஒண்ணு செஞ்சு தர்றேன். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்குற ஊர்ல இதைவிட எது ஞாபகம் இருக்கும்: ப-ழ-னி-ம-லை-மு-ரு-க-ன-டி. ப 1, ழ 2, னி 3, ம 4, லை 5, மு 6, ரு 7, க 8, ன 9, டி 0. இப்ப 1,750 ரூபான்னா 'பருலைடி'. 3,840-ன்னா 'னிகமடி'. தாள்ல அபத்தமா நாலஞ்செழுத்துச் சொல்லு 'ரூபாய்'க்குப் பக்கத்துல நின்னா இந்த மாதிரி ஒண்ணான்னு பாருங்க, ரெண்டு மூணு தொகை பேரேட்டுல இருந்து தெரிஞ்சாப் போதும், சாவிச் சொல்லு மெல்ல வெளிய வந்துரும்.

பேங்குத் தந்தின்னா சேதியோட தனியா ஒரு எண்ணு சேர்ந்திருக்கும். அது டெஸ்ட் நம்பர், தேதி, தொகை, ஊரு எல்லாத்துக்கும் ரகசிய அட்டவணைல இருக்குற எண்களைக் கூட்டி வர்றது, தந்தி நிஜமா நம்ம கிளைதான் அனுப்புச்சாங்கிறதுக்குச் சாட்சி. அதை நீங்க உடைக்க முடியாது, உடைக்கவும் வேணாம், சேதிக்கு அர்த்தம் அதுல இல்ல. இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் 1937 பிப்ரவரி 10-ல காரைக்குடி, மெட்ராஸ், ரங்கூன் மூணு ஊர்லயும் ஒரே நாள்ல திறந்தாங்க, அந்தக் காலத்துக் கட்டு உங்க வீட்டுல இருந்தா இந்த மாதிரித் தந்தி மாட்ட வாய்ப்பு அதிகம். இன்னைக்கும் பேங்குல அன்னியச் செலாவணி போர்டுல டி.டி. ரேட்டுன்னு போட்டிருக்காங்கல்ல, அது தந்தி மாற்று ரேட்டுதான், தந்தி போயிருச்சு, பேரு போகல.

படி 7: பேரேட்டோட ஒட்டிப் பாருங்க

புக்குல அர்த்தம் கிடைச்சதும் வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. தந்தில இங்கிலீஷ் தேதி, பேரேட்டுல தமிழ் வருஷம் தமிழ் மாசம். சித்திரைல வருஷம் மாறும், அதனால 1941 டிசம்பர்ங்கிறது விஷு வருஷம் கார்த்திகை, மார்கழிப் பக்கம், 1942 பிப்ரவரியும் அதே விஷுதான். 60 வருஷத்துக்கு ஒருக்க அதே பேரு திரும்ப வரும், பிரபவன்னா 1927-ஆ 1867-ஆன்னு கையெழுத்தையும் விலாசத்தையும் பார்த்துத்தான் சொல்லணும். 1941 டிசம்பர் 23-ல ரங்கூன்ல ஜப்பான்காரன் குண்டு போட்டான், அந்த மாசத்துத் தந்திகள்ல வட்டி, நெல்லு எல்லாம் காணாமப் போய் ஆளு பத்திரமா, எந்த வழியா வர்றாங்கங்கிறது வரும், அதெல்லாம் கோட் இல்லாம பச்சை இங்கிலீஷ்லயே இருக்கும், அந்த நேரத்துல யாரு காசைப் பார்த்தா.

தந்தி வந்த நாளுக்கு ஒண்ணு ரெண்டு நாள் தள்ளிப் பேரேட்டுல ஒரு வரவோ பற்றோ இருக்கான்னு தேடுங்க, தொகை ஒத்துப்போச்சுன்னா உங்க வாசிப்பு சரி. ஒத்துப்போகலைன்னா படி 5-க்குத் திரும்பிப் போங்க.

கல்யாணக் கட்டைத் தனியா வைங்க

பெட்டகத்துல தந்திக் கட்டு தடியா இருந்தா பாதி கல்யாண வாழ்த்தா இருக்கும். அதுலயும் ஒரு கோட் உண்டு, தந்தி இலாகாவே போட்டது. அச்சடிச்ச வாழ்த்து வாக்கியங்களுக்கு நம்பர், நீங்க ஆபீஸ்ல நம்பரை மட்டும் சொன்னாப் போதும், அந்தப் பக்கம் முழு வாக்கியமா எழுதிக் கொடுப்பாங்க. 1-ன்னா தீபாவளி வாழ்த்து, 8-ன்னா நீண்ட இனிய மணவாழ்க்கைக்கு வாழ்த்து, 16-ன்னா இளந்தம்பதிக்கு ஆண்டவன் அருள் பொழியட்டும். பெரியப்பச்சி வீட்டுலேர்ந்தும் 8, சம்பந்தி வீட்டுலேர்ந்தும் 8, வாழ்த்துனவங்க எல்லாரும் ஒரே வாக்கியத்தை எழுதியிருக்காங்களேன்னு யாரும் தப்பா நினைச்சதில்ல. இந்த வசதி 2013 ஜூலை 14 ராத்திரியோட தந்தி சேவையே நின்னுபோற வரைக்கும் நம்ம ஊர் மக்களுக்குப் பழக்கம்.

கை பழக ஒரு விளையாட்டு

நிஜத் தாளைத் தொடுறதுக்கு முன்னாடி நீங்களே வீட்டுல ஒரு குட்டிக் கோட் செஞ்சு பாருங்க, ரெண்டு பேரு போதும். ஒரு இருபது வாக்கியம் எழுதுங்க, ஒவ்வொண்ணுக்கும் நம்ம பலகாரப் பேரு ஒண்ணு. கந்தரப்பம்னா உண்டியல் வந்து சேர்ந்துச்சு, கும்மாயம்னா பணம் கொடுக்காதே நிறுத்து, உக்காரைன்னா அடுத்த கப்பல்ல புறப்படு, மனகோலம்னா வட்டி ஏறிருச்சு. இப்ப ஒருத்தர் ஒவ்வொரு சொல்லுலயும் வேணும்னே ஒரு எழுத்தை மாத்தி அனுப்பணும், இன்னொருத்தர் கண்டுபிடிக்கணும். எந்தெந்தச் சொல்லு ஒண்ணோட ஒண்ணு குழம்புதுன்னு உடனே தெரிஞ்சுரும், ரெண்டெழுத்து விதி ஏன் வந்துச்சுன்னு புக்கைப் படிக்காமலே புரியும். சின்னப் பிள்ளைகளோட விளையாடினா இன்னும் நல்லா இருக்கும், அதுக நம்மளைவிட வேகம்.

கடைசியா, படிச்சதை என்ன பண்றது

ஒவ்வொரு தந்திக்கும் மூணு வரி எழுதி வைங்க: தாள்ல இருக்குறது எழுத்து மாறாம, நீங்க திருத்திப் படிச்சது, அதோட அர்த்தம். மூணையும் ஒண்ணாக் கலந்து எழுதிட்டா அடுத்து பார்க்குறவருக்கு எது தாள், எது உங்க ஊகம்னு தெரியாது. எந்தப் புக்கு, எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம்னு பக்கத்துலயே குறிங்க. கடன்காரங்க பேரு, வீட்டுச் சண்டை, நோய் நொடி இருக்குற தாளை வாட்ஸ்ஆப் குரூப்புல போடாதீங்க, பேரன் பேத்திங்க அதே தெருவுல இருக்காங்க.

தாளு ரொம்ப நொறுங்குதுன்னா நீங்களா பசை போடாம சென்னைல ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துல கேளுங்க, அவங்க மூலச் சேகரிப்பே நம்ம கோட்டையூர்க்காரரோடது, இந்தப் பக்கத்துக் காயிதம் எப்படி இருக்கும்னு அவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. போட்டோ பைலுக்குப் பேரு வைக்கிறப்போ தேதி, வந்த ஊரு, வார்த்தை எண்ணிக்கை இந்த மூணையும் போட்டு வைங்க, பின்னாடி நூறு தாள்ல ஒண்ணைத் தேடுறப்போ அந்த எண்ணிக்கைதான் கை கொடுக்கும்.